டாக்டர் வருவார்

புக்கிட் மேரா
3 மார்ச் 2025

அன்புள்ள நிரஞ்சனாவுக்கு,

வாட்ஸப்பில் என்னைத் தடுத்துவிட்டாய். மின்னஞ்சல் போட்டால் சுவரில் அடித்த பந்து மாதிரி திரும்பி வருகிறது. தபால்காரரைத் தடுக்க பெர்த்தில் இன்னும் வழி கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், முப்பது வருடம் கழித்துப் பேனாவைக் கையில் எடுக்கிறேன். எழுத்து கோணிக்கொண்டு போகும். உன் அப்பாவின் கையெழுத்தைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். இதையும் படித்துவிடுவாய்.

முதலில் மன்னிப்பு. "டாக்டர் அழகப்பனின் மகள் ஆஸ்திரேலியாவில் கங்காருவுக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறார், இங்கே வீடு இடிபட்டால் அவருக்கு என்ன" என்று நான் வானொலியில் சொல்லியிருக்கக் கூடாது. வாய் தவறி வந்தது என்று எழுதலாம்தான். ஆனால் நோன்பு தொடங்கி இது இரண்டாம் நாள், பொய் சொல்லக் கூடாத மாதம். வாய் தவறவில்லை. மைக் திறந்திருந்தது தெரியவில்லை. நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்தால் ஹலீமா கதவிலேயே நிற்கிறாள். "அந்தப் புள்ள உங்க பல்லை விட்டுட்டு வாயைப் பிடுங்கியிருக்கணும்" என்றாள். கட்டின பெண்டாட்டி.

விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் வீட்டை வாங்கப்போகிறவர் அதை இடித்துவிட்டு ஒன்பது மாடி விடுதி கட்டப்போகிறார் என்பது சந்து முழுக்கத் தெரியும். நான் வானொலியில் கத்தியதாலோ என்னவோ, வீட்டை மரபுடைமைக் கட்டடமாக அறிவித்து இடிக்க முடியாதபடி காக்கலாமா என்று அரசாங்க ஆணையம் யோசிக்கிறது. போன வியாழக்கிழமை ஒரு பெண்ணை அனுப்பினார்கள். பெயர் ரக்ஷனா. என் மகள் வயது. உன் அம்மா போனதிலிருந்து ஆறு வருடமாகச் சாவி என்னிடம்தானே இருக்கிறது, நான்தான் திறந்துவிட்டேன்.

போர்ட்டிகோத் தூண், பச்சைக் கண்ணாடி ஜன்னல், மாடிப்படிக் கைப்பிடி எல்லாவற்றையும் படம் எடுத்தாள். பிறகு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "அங்கிள், வீடு அழகா இருக்கு. ஆனா இந்த மாதிரி பங்களா இன்னும் ஏழெட்டு இருக்கு லா. டாக்டர் வீடுன்னா, அந்த டாக்டரால இந்த ஏரியாவுக்கு என்ன ஆச்சுன்னு காட்டணும். எவிடென்ஸ் வேணும்" என்றாள்.

"நானே எவிடென்ஸ்தான்மா. எங்க வாப்பா காதர் மைதீன் இங்க கம்பவுண்டர். இந்தப் பின் அறையிலதான் நான் பொறந்தேன், டாக்டர் கையால."

"வாய்மொழிச் சான்று, ஒன்று" என்று எழுதிக்கொண்டாள். என் வாயைப் பற்றி அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

உடனே கேட்டில் தொங்கும் நம் போர்டைக் கழற்றி நீட்டினேன். ஒரு பக்கம் "டாக்டர் இருக்கிறார்", மறுபக்கம் "டாக்டர் வருவார்". லிட்டில் இந்தியாவுக்கு வரும் சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டியாகப் பதினான்கு வருடமாகச் சொல்லிவரும் கதையை அவளுக்கும் சொன்னேன்: "நோயாளியிடம் இல்லை என்ற சொல்லைச் சொல்ல டாக்டருக்கு மனம் வரவில்லை. அதனால்தான் தன் கையாலேயே வருவார் என்று எழுதினார்." இந்த இடத்தில் ஜப்பான்காரர்கள் அழுவார்கள். ரக்ஷனா அழவில்லை. போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். மழுப்பிவிட்டேன். அது வேறு விஷயம்.

ஏப்ரல் 30க்குள் உரிமையாளர் என்ற முறையில் நீ உன் கருத்தை எழுத வேண்டும். நீ வேண்டாம் என்றால் வீடு போய்விடும். வேண்டும் என்று எழுது, நிரஞ்சனா. கங்காருவை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அண்ணன்
யாக்கூப்


பெர்த்
14 மார்ச் 2025

திரு. யாக்கூப் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது.

கங்காருவுக்கு யாரும் பல் பிடுங்க வேண்டியதில்லை. முன்னால் இருக்கும் கடைவாய்ப்பல் தேய்ந்தால் தானாக விழுந்து, பின்னால் இருப்பது நகர்ந்து வந்துவிடும். உங்களைவிட நல்ல பிராணி. வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியும்.

அந்த வானொலித் துண்டை எனக்குப் பதினோரு பேர் அனுப்பிவைத்தார்கள். அதில் மூன்று பேர் சிரிக்கிற முகத்தோடு.

வீட்டின் மதிப்பைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்கள். எங்கள் வரவேற்பறை எது என்று நினைவிருக்கிறதா? நோயாளிகள் காத்திருக்கும் அறை. 'ஓ' நிலைப் பள்ளி இறுதித் தேர்வுக்கு நான் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். இருமல் சத்தம் கேட்காத இடம் அது ஒன்றுதான். அப்பா சாப்பிட உட்காருவார், முதல் கவளம் எடுப்பார், காதர் மாமா கதவோரம் வந்து நின்று தொண்டையைச் செருமுவார். அப்பா கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். அம்மா தட்டை மூடி வைப்பாள். ஊரே அதை டாக்டர் வீடு என்றது. எங்கள் வீடு எது என்று நான் யாரிடம் கேட்பது?

எனக்கு ஐம்பத்தேழு வயது. அந்த வீட்டிலிருந்து வெளியே வர எனக்குக் கடல் தாண்ட வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் அதை இடிக்கக் கூடாத இடமாக்கி, என் தலையில் நிரந்தரமாகக் கட்டிவைக்கப் பார்க்கிறீர்கள்.

அப்புறம் அந்தப் போர்டு. இல்லை என்ற சொல்லைச் சொல்ல அப்பாவுக்கு மனம் வரவில்லையா? "உனக்கு ஒண்ணும் இல்ல, போ. ஊசியும் இல்ல, லீவும் இல்ல" என்று ஒரு நாளைக்கு நூறு இல்லை சொன்னவர் அவர். ஜப்பான்காரர்களை அழவைத்தது போதும்.

எனக்கு ஒரு நாள் நினைவிருக்கிறது. அப்போது ஆறு வயது. அப்பா, அம்மாவோடு காரில் எங்கேயோ போய்விட்டுத் திரும்பினோம். எனக்குப் புதுச் சட்டை. எங்கள் கேட்டில் ஒரு ஆள் உயர ரோஜா மாலை தொங்கியது. தெரு நிறைய ஜனம். அம்மாவிடம் கேட்டேன். "பேசாம இரு" என்றாள். சாகும்வரை அதைப் பற்றி அவள் பேசவில்லை. அந்த நாளுக்குப் பிறகுதான் 'வருவார்' வந்தது.

உங்களுக்கு அப்போது எட்டு வயது. நீங்கள் ஒட்டுக் கேட்காத கதவு அந்த வீட்டில் கிடையாது. நடந்ததை எழுதுங்கள். அதுவரை நான் வேண்டும் என்றும் எழுதப்போவதில்லை, வேண்டாம் என்றும் எழுதப்போவதில்லை.

நிரஞ்சனா


புக்கிட் மேரா
23 மார்ச் 2025

அன்புள்ள நிரஞ்சனாவுக்கு,

'திரு.' போட்டு எனக்கு வந்த முதல் கடிதம் உன்னுடையது. வருமான வரிக்காரர்கள்கூட அவ்வளவு மரியாதையாக எழுதுவதில்லை.

சரி, சொல்கிறேன். வெறும் வயிற்றோடு இருபத்திரண்டு நாள் இந்தப் பொய்யைச் சுமந்தாகிவிட்டது, இனி முடியாது.

அன்றைக்கு ரக்ஷனா என்ன கேட்டாள் என்று எழுதாமல் விட்டேன் அல்லவா? போர்டைச் சாய்த்துப் பிடித்து, கைத்தொலைபேசி விளக்கை அடித்தாள். "அங்கிள், 'வருவார்'க்கு அடியில வேற எழுத்து தெரியுதே."

"கரப்பான் ஓடின தடம்மா அது."

"கரப்பான் இவ்ளோ அழகா 'இ' போடுமா, அங்கிள்?"

போடாது. போட்டது எங்க வாப்பா.

1974, ஒரு வெள்ளிக்கிழமை. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை உன் அப்பாவுக்கு லேசாக நெஞ்சு வலித்து, ஒரு நாள் படுத்திருந்தார். ஊருக்கே தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்களை அழைத்துக்கொண்டு வெளியே கிளம்பும்போது, "மைதீன், நான் இல்லைன்னு ஒரு போர்டு எழுதி மாட்டிடு" என்றார். எங்கே போகிறார் என்று சொல்லவில்லை. அதுவரை போர்டு என்று ஒன்று கிடையாது. யார் வந்தாலும் வாப்பாதான் கேட்டில் நின்று பதில் சொல்வார். அன்று ஜும்ஆ தொழுகைக்குப் போக வேண்டும். அவசர அவசரமாக ஒரு பலகை எடுத்து, வெள்ளை அடித்து, கறுப்பு பெயிண்டில் எழுதினார். எங்க வாப்பா எழுத்து உனக்குத் தெரியாது, முத்து முத்தாக இருக்கும். தூரத்திலிருந்தே படிக்கலாம்.

"டாக்டர் இல்லை."

ஈரம் காய்வதற்குள் யாரும் தொட்டுவிடக் கூடாதே என்று சுற்றி வெள்ளைக் கயிறும் கட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

முதலில் படித்தது பூக்கடை அஞ்சலையம்மா. படித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரத்தில் நகைப் பட்டறைகள் கதவைச் சாத்தின. பிரம்புக் கடைச் சீனத் தாத்தா வெள்ளைத் துண்டு போட்டுக்கொண்டு வந்தார். செம்பவாங் கப்பல் பட்டறையிலிருந்து இரண்டு லாரி ஆட்கள், சாமான் பையோடு அப்படியே. தொழுகை முடித்து வாப்பா திரும்பி வந்தபோது கொட்டகைக்காரர் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். "என்ன விசேஷம்?" என்று கேட்ட வாப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். வாப்பாவும் அழ ஆரம்பித்துவிட்டார். இதை உன்னிடம் சொல்லத்தான் எனக்கு வெட்கம். தான் எழுதியதைத் தானே நம்பிவிட்டார். டாக்டர் போன இடத்தில்தான் ஏதோ ஆகிவிட்டது, செய்தி தனக்கு முன்னால் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் உங்கள் கார் வந்தது. உன் அப்பா இறங்கினார். கூட்டம் அப்படியே உறைந்துவிட்டது.

"என்னய்யா, யாருக்கு என்ன ஆச்சு?"

அஞ்சலையம்மாதான் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார். "உங்களுக்குத்தான், டாக்டர்."

உன் அப்பா போர்டைப் பார்த்தார். வாப்பாவைப் பார்த்தார். உள்ளே போய்க் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு வந்து, "வந்தது வந்துட்டீங்க, வரிசையா உட்காருங்க" என்றார். கொட்டகையிலேயே அத்தனை பேரையும் பார்த்து அனுப்பினார். மறுநாள் காலையில் வாப்பா கையிலிருந்த பிரஷைப் பிடுங்கி, 'இல்லை' மேல் வெள்ளை அடித்து, தானே 'வருவார்' என்று எழுதினார். அவர் எழுதியதில் மனிதர்கள் படிக்கக்கூடிய ஒரே வார்த்தை அது; மறுபக்கத்து 'இருக்கிறார்' பிற்பாடு ஒரு பெயிண்டரிடம் எழுதி வாங்கியது.

வாப்பாவைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பிரஷைப் பிடுங்கியது வாப்பாவுக்கு உள்ளே போய்த் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் தமிழில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. மருந்து பாட்டிலில் வேளைக்கு ஒரு கோடு கிழித்துக் கொடுப்பார், நினைவிருக்கிறதா? தேக்காச் சந்தைக்குக் கறி வாங்கப் போனால், "என்ன மைதீன் பாய், டாக்டர் இன்னைக்கு உயிரோட இருக்காரா?" என்பார்கள். இருபது வருடம். சிரித்துக்கொண்டே வருவார். வீட்டுக்கு வந்து சிரிக்க மாட்டார்.

அந்த ஆளைக் காப்பாற்றத்தான் இல்லை என்ற சொல்லே பிடிக்காத ஒரு டாக்டரை நான் உண்டாக்கினேன். இப்போது உண்மையைச் சொன்னால் ஆணையத்தின் கோப்பில் எங்க வாப்பா காலாகாலத்துக்கும் கோமாளி. சொல்லாவிட்டால் ரக்ஷனாவிடம் இருக்கும் எவிடென்ஸ் ஒரு கரப்பான்.

முடிவு உன் கையில்.

யாக்கூப்


பெர்த்
4 ஏப்ரல் 2025

யாக்கூப் அண்ணனுக்கு,

பெருநாள் வாழ்த்து. ஹலீமா மதினிக்கும் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். 'செம்பவாங் லாரி' வந்த இடத்தில் உட்கார்ந்தேன். 'உங்களுக்குத்தான், டாக்டர்' வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். சிகிச்சை நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தவர் பயந்துபோனார்.

அம்மாவின் சாமான்களில் ஒரு நீலப் பெட்டி உண்டு. மாடி அலமாரிக்கு மேலேயே இருக்கும், யாரையும் தொட விடமாட்டாள். காரியங்கள் முடிந்ததும் அதை இங்கே எடுத்து வந்தேன். ஆறு வருடம் கார் நிறுத்தும் அறையில் கிடந்தது. திறக்கத் தோன்றவில்லை. உங்கள் கடிதம் வந்த சனிக்கிழமை பூட்டை உடைத்தேன்.

உள்ளே மூன்று கம்பளிக் கோட்டுகள். ஒன்று ஆறு வயதுக் குழந்தைக்கு. விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. கோட்டுக்கு அடியில் லண்டனுக்கு மூன்று விமான டிக்கெட். அந்த வெள்ளிக்கிழமை எங்கே போனோம் என்று இப்போதுதான் தெரிகிறது. டிக்கெட் வாங்கப் போயிருக்கிறோம். கூடவே இருந்த கடிதத்தின்படி, லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் அப்பாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. வீட்டை விட்டுவிட்டு மொத்தமாகப் போவதாக இருந்தது. காதர் மாமாவிடம்கூடச் சொல்லவில்லை.

டிக்கெட் உறையின் பின்னால் அப்பா அம்மாவுக்கு எழுதியிருக்கிறார். படிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அப்படியே எழுதுகிறேன்:

"கமலா, போக முடியாது. என் சாவுக்கு வந்தவர்களை நேற்று நானே பரிசோதித்தேன். பாதிப் பேருக்கு இரத்தக் கொதிப்பு, ஒருவருக்கும் தெரியவில்லை. நான் போய்விட்டால் இவர்கள் சாவுக்கு யார் வருவது? மைதீன் மேல் கோபப்படாதே. அவன் எழுதியதில் பிழை இல்லை. இரண்டு மாதமாக மனதளவில் நான் இங்கே இல்லை. அவன் அதைத்தான் எழுதினான். அவன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் போர்டை நானே எழுதிவிட்டேன்."

அதற்குக் கீழே அம்மாவின் குண்டு எழுத்தில் இரண்டே சொல்: "படித்தேன். சரி."

அண்ணே, நான் இத்தனை வருடம் அம்மாவை அந்த வீட்டில் மாட்டிக்கொண்டவள் என்று நினைத்தேன். அவள் சரி என்று எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான் இருந்திருக்கிறாள். கோட்டை மட்டும் தூக்கிப் போட மனம் வரவில்லை போலிருக்கிறது. அதுவும் நியாயம்தான்.

பிரஷைப் பிடுங்கியது கோபத்தில் இல்லை என்று காதர் மாமாவுக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று ஒரு வாரமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு ஆண்பிள்ளைகள் இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் பேசாமலே வேலை பார்த்திருக்கிறார்கள்.

வாங்க வந்தவரிடம் வீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். அப்பா மாதிரியே சொன்னேன். ஆணையத்துக்கும் எழுதிவிட்டேன், வேண்டும் என்று. டிக்கெட் உறையின் படம் ரக்ஷனாவுக்குப் போயிருக்கிறது.

இரண்டு நிபந்தனை. கோப்பில் அப்பாவின் பெயருக்கு முன்னால் காதர் மைதீன் பெயர் வர வேண்டும். அவர் அப்படி எழுதியதால்தான் அப்பா அங்கே இருந்தார். இரண்டாவது, ஜப்பான்காரர்களிடம் இனி உண்மையைச் சொல்லுங்கள். அதற்கும் அழுவார்கள்.

நிரஞ்சனா


புக்கிட் மேரா
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள நிரஞ்சனாவுக்கு,

ஏப்ரலில் உன் கடிதம் வந்த அன்று நான் பதில் எழுதவில்லை. அந்த ஒரு பக்கத்தை மட்டும் படி எடுத்து, வாப்பா அடங்கியிருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சத்தமாகப் படித்தேன். பக்கத்தில் யாரோ ஒரு குடும்பம் ஃபாத்திஹா ஓதிக்கொண்டிருந்தது. நான் 'இரத்தக் கொதிப்பு' என்று ஓதுவதைப் பார்த்து ஒரு மாதிரியாகத் திரும்பினார்கள். எனக்கென்ன.

பிறகு நான் மறுபடி வானொலிக்குப் போனேன். பயப்படாதே. ஹலீமா கூடவே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "டாக்டர் அழகப்பனிடம் மருந்து வாங்கியவர்கள் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். இருபது பேர் வந்தால் அதிகம் என்று கணக்குப் போட்டு சாப்பிட நாற்பது கறிபாப் வாங்கிவைத்தேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். சந்து கொள்ளவில்லை. செம்பவாங்கிலிருந்து சக்கர நாற்காலியில் நான்கு பேர், லாரியில் இல்லை, எம்ஆர்டி ரயிலில். பிரம்புக் கடைத் தாத்தாவின் பேத்தி, அவர் போட்டுக்கொண்டு வந்த அந்த வெள்ளைத் துண்டைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். ஒரு அம்மா காலி மருந்து பாட்டிலை நீட்டினார். அதில் மூன்று கோடு. காலை, மத்தியானம், ராத்திரி. "இது பாய் கிழிச்ச கோடு. எனக்குப் படிக்கத் தெரியாது. லேபிள்ல எழுதியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? கோடு போட்டதாலதான் என் புள்ளைக்கு மருந்தைச் சரியா குடுத்தேன்" என்றார். எங்க வாப்பா வெட்கத்தில் கிழித்த கோடு, நிரஞ்சனா. நான் சமையலறைப் பக்கம் போய்விட்டேன். வெங்காயம் எதுவும் இல்லை அங்கே.

ரக்ஷனா எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனாள். "அங்கிள், வாய்மொழிச் சான்று போதும் லா. ப்ளீஸ், ஆளை அனுப்பாதீங்க" என்றாள்.

இன்று காலை அறிவித்துவிட்டார்கள். வீடு நிற்கும். யாரும் தொட முடியாது. அறிக்கையின் முதல் வரியை அவளே போனில் படித்துக்காட்டினாள்: "மருந்தாளர் காதர் மைதீன் 1974இல் எழுதிய ஒரு பலகையின் காரணமாக, டாக்டர் அழகப்பன் மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் இவ்வட்டாரத்துக்குப் பணியாற்றிய இல்லம் இது." எங்க வாப்பாவின் பிழை அரசாங்கத் தமிழில். நான் மூன்று முறை படிக்கச் சொன்னேன். நான்காம் முறை கேட்டபோது லைனைத் துண்டித்துவிட்டாள். தேக்காச் சந்தையில் கறிக்கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "பாய், நீங்க இன்னைக்கு ஒரு அடி உசரமா இருக்கீங்க" என்றார். வயிறும் சேர்த்துச் சொல்லியிருப்பார்.

ஒரே ஒரு சிக்கல். போர்டைத் திரும்ப மாட்ட வேண்டும். எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும் என்று ரக்ஷனா கேட்கிறாள். "இருக்கிறார்" என்றால் பொய் என்கிறாள். சரிதான். இந்தக் கோப்பில் இனி பொய் வேண்டாம். "வருவார்" பக்கத்தை மாட்டச் சொல்லிவிட்டேன்.

"அதுவும் பொய்தானே, அங்கிள்? யாரு வரப்போறா?"

டிசம்பர் 12, நீ டிக்கெட் எடுத்திருக்கிற, பெர்த்திலிருந்து சாயங்காலம் வந்து சேருகிற விமானம் என்றேன்.

பல் டாக்டரை டாக்டர் என்று ஒத்துக்கொள்ள எங்கள் சந்தில் இன்னும் சிலர் தயாராக இல்லை. நானே இதுவரை ஒத்துக்கொண்டதில்லை. இருந்தாலும் மாடி அறையைக் கழுவி வைத்திருக்கிறேன், இருமல் சத்தம் கேட்காது. கேட்டில் சின்னதாக ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். நீ டாக்சியிலிருந்து இறங்கியதும், நானே என் கையால் போர்டைத் திருப்புகிறேன்.

அண்ணன்
யாக்கூப்
காதர் மைதீன் மகன்